கண்டக்டர் ஐயாவுக்கு அனுப்பிய படம்

1

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எளிதில் மன்னிக்கிறவன் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் மன்னித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே விழுகிற பனியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இங்கே இன்றைக்குப் பனி இல்லை, மழைதான். மன்னிப்பும் இல்லை.

இலங்கையில் பதுளைக்கும் தெமோதரைக்கும் நடுவே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில், உதிரிகளைச் சேர்த்து நானே பூட்டிய மோட்டார் சைக்கிளைப் பொலிஸ் லொறியில் ஏற்றிக்கொண்டு போய் இந்த மாதத்தோடு பதின்மூன்று வருடம் ஆகிறது. ஜெர்மனியில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறேன். காருக்குக் கதவு செய்கிற தொழிற்சாலையில் வேலை. வீட்டோடு ஒட்டிய, கார் நிறுத்துகிற அறையில் காரை விட்டதே இல்லை. கார் பாவம், வெளியே நனைகிறது. உள்ளே மூன்று வருடமாக ஒரு பழைய ஜப்பான் பைக்கைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் பறிபோனதும் இதுவும் ஒரே மாடல். நூற்றிருபத்தைந்து சி.சி., இரட்டை சிலிண்டர்.

எதற்கு என்று மனைவி கேட்டாள், தொழிற்சாலையில் கேட்டார்கள். பொழுதுபோக்கு என்று சொன்னேன். அது பொய். பண்டாரவளையில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். நான் அந்த பைக்கில் உட்கார்ந்திருக்கிற படம். அதற்காகத்தான் மூன்று வருடம்.

2

அவர் எங்கள் தோட்டத்துக் கண்டக்டர். என் மகள் நிரோஷா பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் என்று நினைத்தாள். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் மலையில் வேலை வாங்குகிற அதிகாரி. தோட்ட நிர்வாகியான துரைக்கு அடுத்து அவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கண்டக்டர் ஐயா, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பதுளையில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் கராஜில் வேலை. நல்ல மனிதர். கராஜின் பின்பக்கம் செத்துப்போன பைக்குகளை அடுக்கி வைத்திருந்தார். "வேணுமின்டா பொறுக்கிக்க தம்பி, எனக்கு எடம் மிச்சம்" என்றார். அடிச்சட்டமான செசி ஒன்றிலிருந்து, எஞ்சின் இன்னொன்றிலிருந்து, டேங்க் மூன்றாவதிலிருந்து எடுத்தேன். மரக்கறி மூட்டைக்குக் கீழே செசியைப் போட்டு லொறிக்காரர் ஒருவர் தோட்டத்து வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தார். எஞ்சினைச் சாக்கில் கட்டி நானும் என் சித்தப்பா மகனும் காவுகம்பில் தொங்கவிட்டுத் தூக்கி வந்தோம். சவம் தூக்குகிறீர்களா என்று வழியில் கேட்டார்கள்.

லயத்தில் எங்கள் வீடான பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒற்றை அறைக் காம்பராவில் அம்மா சமைப்பதும் அங்கேதான், நாங்கள் படுப்பதும் அங்கேதான். மிச்ச இடத்தில் பைக் வளர்ந்தது. பின்பக்க செசியை ஒரு சாண் வெட்டிக் குறுக்கினேன். இரண்டு பேர் சீட்டை ஒற்றை சீட்டாக்கினேன். மட்காட்டை அரைவாசி அறுத்தேன். ஹேண்டிலைத் தாழ்த்தினேன். எங்கேயும் பார்த்துச் செய்ததல்ல. நீளமாக இருந்தால் காம்பராவுக்குள் திரும்பாது, அதனால் குறுகியது. அழகு பிறகு தானாக வந்தது.

முதல் தடவை ஓட்டிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஏறினேன். ஸ்டோர் வளைவில் கண்டக்டர் ஐயா தன் பைக்கைக் குறுக்கே போட்டு நிறுத்தினார். அது தோட்டம் கொடுத்த பைக். என்னுடைய எஞ்சினுக்கு அண்ணன் தம்பி.

"யாரைக் கேட்டு ஸ்டார்ட் பண்ணின?"

நான் கொடுத்த விளக்கம் எதையும் அவர் காதில் வாங்கவில்லை. தோட்டத்து ரோடு கம்பெனி ரோடு என்றார். தொழிலாளி வீட்டுப் பிள்ளை அதில் எஞ்சின் போட்டு ஓட்ட அனுமதி கிடையாது, கேட்டிலேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டு வர வேண்டும் என்றார். எங்கள் லயம் கேட்டிலிருந்து ஒன்றரை மைல் மேடு. நூறு கிலோ இரும்பு. தினமும் வேலை முடிந்து வந்து தள்ளினேன். ஏழு மாதம். அவர் சில நாள் பின்னாலேயே முதல் கியரில், என் குதிகாலுக்கு நாலு அடி தள்ளி, மெதுவாக வருவார். ஹோர்ன் அடிக்க மாட்டார். அந்த நாலு அடியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

3

ஜெர்மனியில் பைக் பூட்டுவது சுலபம், அதற்குக் கடுதாசி சேர்ப்பதுதான் கஷ்டம். இங்கே ஒரு ஆணியை மாற்றினாலும் அந்த ஆணிக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். செசியை வெட்டினால் வெல்டிங் செய்தவரின் தகுதிப் பத்திரம். சீட்டுக்கு ஒரு தாள். ஹேண்டிலுக்கு ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் எடுத்தால் மேல்வீட்டு அம்மாள் தபால் பெட்டியில் கடிதம் போடுவார். அன்றைக்கு இந்த நாட்டில் சத்தம் போடக் கூடாதாம். என் வாழ்க்கையில் எஞ்சின் சத்தத்துக்கு எப்போதும் யாராவது ஒருவருடைய அனுமதி தேவைப்படுகிறது.

ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்கும் பரிசோதனைக்கு ஒரு நாள் போனேன். பரிசோதிக்கிற அதிகாரியைவிட எனக்குப் பயம் எஞ்சின் நம்பரில்தான். இதிலும் எஞ்சின் வேறு, செசி வேறு. ஊரில் இதே காரணத்துக்காகத்தான் எட்டு நாள் பொலிஸ் நிலையச் சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அதனால் எஞ்சின் வாங்கிய பில், விற்றவரின் கடிதம், படங்கள் என்று ஒரு கோப்பே தயாரித்துக் கொண்டு போனேன்.

பதற்றத்தில் அந்த அதிகாரியிடம், "நீ முதலில் இதைப் பார்" என்று நீட்டிவிட்டேன். நான் ஜெர்மன் கற்றது தொழிற்சாலையில். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'. அதிகாரியிடம் 'நீங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். ஐயா போட்டு வளர்ந்த என் நாக்கு போயும் போயும் அங்கேதானா தவற வேண்டும்? அவர் என்னைப் பார்த்தார். சிரித்தார். கோப்பைத் திருப்பித் தந்தார். எஞ்சின் நம்பர் இங்கே எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லை, அவருக்கு அது தேவையே இல்லை என்றார். செசி நம்பரை மட்டும் ஒரு துணியால் துடைத்துப் பார்த்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து பைக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று நினைப்பீர்கள். இல்லை, ஆத்திரம். ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போகிற விஷயத்துக்காக என் எட்டு நாளை எடுத்தார்கள். அன்றைக்கு அந்தக் கண்டக்டர் எதிரில் இருந்திருந்தால் கோப்பாலேயே அடித்திருப்பேன்.

4

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை.

கொழுந்து எடுக்கிற மலையில் அந்தக் காலத்தில் கேட்கக்கூடிய எஞ்சின் சத்தம் ஒன்றுதான். கண்டக்டர் ஐயாவின் பைக். அது தூரத்தில் கேட்டதும் பேசிக்கொண்டிருக்கிற பெண்கள் வாயை மூடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து தேயிலை நிரைக்குள் போவார்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கை வேகமாகும். அவர் வந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். அவருக்கும் இது தெரியும். அந்தச் சத்தமே அவருக்குப் பாதி வேலையைச் செய்தது. இன்னொரு எஞ்சின் தோட்டத்துக்குள் வரக் கூடாது என்று அவர் சொன்னதற்குக் காரணமும் அதுதான் என்று கொஞ்ச நாளில் எனக்குப் புரிந்தது.

புரிந்ததும் எனக்குள் சாத்தான் புகுந்தது. அவருடைய பைக் சர்வீசுக்கு நானாவின் கராஜுக்குத்தான் வரும். அதன் சைலன்சர் கழுத்தில் காற்றுக் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் போய்க் காற்று வாங்கும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் படபடவென்று வெடிக்கும். புது கேஸ்கட் போடட்டுமா என்று நானா கேட்டதற்கு வேண்டாம் என்றாராம். அந்த வெடிச் சத்தம்தான் அவருடைய கொடி. நான் என் பைக்கில் கேஸ்கட்டைக் கழற்றி எறிந்தேன். இரண்டு நாள் திருகித் திருகிப் பார்த்து அதே சத்தத்தைக் கொண்டுவந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நானாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

தோட்டத்து ரோட்டில்தானே ஓட்டக் கூடாது? மலைக்குக் கீழே அரசாங்க ரோடு போகிறது. அதில் என்னை யார் கேட்பது? விடியற்காலை வேலைக்குப் போகும்போது இரண்டு தடவை மேலும் கீழும். சாப்பாட்டு நேரத்தில் நானாவிடம் சொல்லிவிட்டு வந்து இரண்டு தடவை. லீவு நாளில் கணக்கே இல்லை. மலையில் பெண்கள் முதலில் ஒவ்வொரு தடவையும் பதறி எழுந்தார்கள். மூன்றாம் நாள் கீழே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் தலையைக்கூடத் தூக்கவில்லை. பைக் சத்தம் கேட்டால் "அது நம்ம பயதான்" என்றார்கள். கண்டக்டர் ஐயாவின் கொடியை நான் இறக்கிவிட்டேன். தெமோதரைக் கடையில் டீ குடித்துக்கொண்டு, இனி அந்த ஆள் தொண்டையால் கத்தித்தான் வேலை வாங்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் அவர் மலைக்கு வந்தார். வழக்கம்போல அவருடைய பைக்கில், வழக்கமான சத்தத்தோடு. ஒருத்தியும் எழவில்லை. நாற்பது பெண்கள். பாதிப் பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பைக்கை நிறுத்தி இறங்கினார். பொக்கட்டிலிருந்து புத்தகத்தை எடுத்து நாற்பது பேருக்கும் அரைப் பேர் எழுதினார். அரைப் பேர் என்றால் அன்றைக்கு முழு நாள் வேலை செய்தாலும் அரை நாள்தான் செய்ததாகப் பதிவு.

அதில் என் அம்மாவும் ஒருத்தி. அம்மா உட்கார்ந்திருக்கவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

சாயந்தரம் நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு வரும்போது லயத்து வாசலில் பெண்கள் நின்றார்கள். என்னை என்னென்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத முடியாது, என் மகள் தமிழ் வாசிக்கப் பழகினால் சிக்கல். அம்மா காம்பராவுக்குள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களோடு சேர்ந்து திட்டவும் இல்லை. சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் வருந்தினேனா? கொஞ்சம். ஆனால் அந்த வருத்தத்தையும் கண்டக்டர் தலையில்தான் போட்டேன். அரைப் பேர் எழுதியது என் கையா, அவர் கையா?

5

பத்து நாள் கழித்துப் பொலிஸ் வந்தது. யுத்த காலம். தமிழ்ப் பையன், வெட்டி ஒட்டிய மோட்டார் சைக்கிள், நம்பர் பொருந்தவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? எஞ்சின் யாருடையது, எங்கிருந்து எங்கே எதைக் கடத்தினாய் என்று எட்டு நாள் ஒரே கேள்வி. நானா வந்து தன் பழைய புத்தகங்களைக் காட்டி, பைக் கராஜில் கிடந்த சாமான் என்று நிரூபித்த பிறகுதான் விட்டார்கள். பைக்கை விடவில்லை. அம்மா எட்டு நாளும் வேலை முடிந்து சோறு கட்டிக்கொண்டு நடந்து வந்தாள். உள்ளே விடாவிட்டால் வாசலில் இருந்தாள்.

விடுகிற அன்று ஒரு கான்ஸ்டபிள் தன்பாட்டில் சொன்னார், தோட்டத்துக் கண்டக்டர்தான் வந்து எழுதிக் கொடுத்தார் என்று. எனக்கு அது புதிய செய்தி இல்லை. வேறு யார்? அதற்குப் பிறகு ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை, இருக்கவும் பயம். ஒரு வருடத்துக்குள் நானாவின் மைத்துனர் மூலம் ஒரு வழி கிடைத்து இங்கே வந்துவிட்டேன். அகதி விசாரணையில் உனக்கு எதிரிகள் உண்டா என்று கேட்டார்கள். ஒருவர், என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னை முறைத்துப் பார்த்தார்.

சரி, இந்தக் கோடைக்கு வருவோம். நம்பர் பிளேட் வந்தது. பைக்கை வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். நிரோஷாதான் படம் எடுத்தாள். அவளுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். சிரியுங்கள் என்றாள். சிரிக்க மாட்டேன், இது சிரிக்கிற படம் இல்லை என்றேன். யாருக்கு என்று கேட்டாள். முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தத் தாத்தாவுக்கு உங்களை ஞாபகமே இருக்காது அப்பா" என்று அபூர்வமாகத் தமிழில் சொன்னாள். அவள் பேசிய அந்த ஒரு தமிழ் வாக்கியம் எனக்குச் சுருக்கென்று குத்தியது.

படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டேன். முகவரியை நானா போனில் சொன்னார். கூடவே ஒரு கடிதம் வைத்தேன். நாலு வரி. 'நீங்கள் பொலிசுக்குக் கொடுத்ததைவிட இது நல்ல பைக். இங்கே என்னை யாரும் தள்ளச் சொல்வதில்லை. சட்டத்தைச் சுவரில் மாட்டி வையுங்கள். தினமும் பாருங்கள்.' தபால் நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். பொதியில் இருப்பது என்ன என்று அதில் கட்டம் போட்டுக் கேட்டிருந்தார்கள். அன்பளிப்பா, வியாபார மாதிரியா, ஆவணமா, வேறா? பழிவாங்கலுக்குக் கட்டம் இல்லை. அன்பளிப்பு என்று கோடு போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம்தான் நான் இந்த நாட்டில் மிகவும் நிம்மதியாகத் தூங்கிய வாரங்கள். பொய் சொல்லவில்லை.

6

பதில் வந்தது. நீல நிற வான்கடிதம், நேர்த்தியான பழைய கையெழுத்து. அப்படியே தருகிறேன்.

'உமது படம் கிடைத்தது. வேலை சுத்தம். பின் செசியை வெட்டிய இடம் முந்தியதைவிட நன்றாக இருக்கிறது. பொலிசில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் உமது வண்டியை அப்புறப்படுத்தும்படி என் வீட்டுக்கு வந்து கேட்டது யார் என்று உமது தாயாரிடம் கேளும். வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. இப்படி ஒரு படத்தைச் சட்டம் போட்டு அனுப்பிய பிறகு என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை.'

நிரோஷா சொன்னது தப்பு. அந்த மனிதர் எதையும் மறக்கவில்லை. திருப்பி அடிக்க ஒரு கல்லைப் பதின்மூன்று வருடம் கையில் வைத்திருந்திருக்கிறார்.

அம்மாவுக்கு இப்போது ஒரு கைப்பேசி இருக்கிறது. அதே லயத்தில்தான் இருக்கிறாள், இங்கே வா என்றால் வர மாட்டாள். எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை, நேரே கேட்டேன். கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"ஆமா, நாந்தான் போனேன்" என்றாள்.

அரைப் பேர் விழுந்த மறுநாளிலிருந்து மலையில் யாரும் அவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்கவில்லையாம். கொழுந்துச் சாக்கைத் தலையில் ஏற்றிவிட ஒருத்தியும் கை கொடுக்கவில்லையாம். தனியாக ஏற்றப் போய் இரண்டு தடவை விழுந்தாளாம். இருபது வருடம் கூட நின்ற பெண்கள். எனக்குத் தெரியாது. சொல்லவே இல்லை. ஒன்பதாம் நாள் சாயந்தரம் கண்டக்டர் பங்களாவின் பின்வாசலுக்குப் போயிருக்கிறாள்.

பொலிசுக்குப் போகச் சொன்னாயா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பொலிஸுன்னு நான் சொல்லல. அத எடுத்துருங்க ஐயான்னேன். எப்புடி எடுப்பீங்கன்னு கேக்கல."

மோட்டார் சைக்கிள் போன மறுநாளே பெண்கள் பக்கத்தில் வந்து நின்றார்களாம். நான் உள்ளே இருந்த எட்டு நாளும் அவளுடைய சாக்கை அவர்கள்தான் முறை வைத்துத் தூக்கினார்களாம். அப்படியென்றால் அம்மா போய்க் கேட்டது அவர்களுக்கும் தெரியும். லயம் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நானே அதைக் கொண்டுபோய் நானாவிடம் போட்டிருப்பேனே என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை.

"நீ என்னையக் கேக்காம எம் பேர வெட்ட வச்ச. நான் உன்னையக் கேக்காம உன் சைக்கிள எடுக்க வச்சேன். சரிக்குச் சரி, தம்பி."

இந்தச் சுபாவம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் இனி ஆராய வேண்டியதில்லை. ஆனாலும் கோபம் போகவில்லை. எட்டு நாள் அவள் சுமந்து வந்த சோற்றை நினைத்தேன். அதைத் தின்றதை நினைத்தேன். அன்பாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்திருப்பது கஷ்டம்.

போனை வைக்கப் போனேன். அப்போது கேட்டாள்.

"அவருக்கு என்னமோ படம் அனுப்புனியாமே. கண்ணாடி போட்டு."

ஆமாம் என்றேன்.

"எனக்கு ஏன் அனுப்பல?"

மூன்று வருடம் அந்த பைக்கைப் பூட்டினேன். ஒவ்வொரு இரவும் அதை யார் பார்ப்பார் என்று யோசித்துக்கொண்டே தூங்கினேன். அம்மா பார்ப்பாள் என்ற நினைப்பு ஒரு நாளும் வரவில்லை. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. நிரோஷா இன்னொரு படம் எடுத்துக் கொடுத்தாள், சிரிக்காத படம்தான். அதற்கும் சட்டம் போட்டாயிற்று. மேசைமேல் பொதி கட்டி வைத்திருக்கிறேன், அம்மாவின் பெயரும் லயத்து நம்பரும் எழுதிவிட்டேன். தபால் நிலையம் என் தொழிற்சாலைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.